64 ஜிபி எஸ்எஸ்டியில் விண்டோஸ் 11: கோத்தகிரி கடையில் செய்த வரிசை

ஐப்பசி மழை மூன்று நாளாக விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு காலையில், பக்கத்து ஹட்டியிலிருந்து (படுகர் ஊர்) ஒரு தம்பி கடைக்கு வந்தார். உரச்சாக்கில் சுற்றி, மேலே ஒரு பிளாஸ்டிக் கவர் போட்டு, உள்ளங்கை அளவு மினி பிசி ஒன்றைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். "விண்டோஸ் 10-க்கு இனி அப்டேட் வராதுங்குது அக்கா. 11-க்கு மாத்தலாம்னா இடம் பத்தலைங்குது. புதுசுதான் வாங்கணுமாக்கா?"

கோத்தகிரியில் ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம், கம்ப்யூட்டர் சர்வீஸ் எல்லாம் சேர்ந்த ஒரு சின்னக் கடை வைத்திருக்கிறேன். இதே அறையில் அப்பா தட்டச்சுப் பயிலகம் நடத்தினார். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்ததிலிருந்து இதே கேள்வியோடு பலர் வந்துவிட்டார்கள். பெரும்பாலும் 32, 64, 120 ஜிபி என்று சின்ன எஸ்எஸ்டி (கோப்புகளைச் சேமிக்கும் சிப் டிரைவ்) உள்ள பெட்டிகள். தம்பியின் பெட்டிக்கு என்ன செய்தேனோ அதை, செய்த வரிசையிலேயே எழுதுகிறேன். வரிசை மாறினால் இடமும் மிஞ்சாது, சில சமயம் கணக்கும் போய்விடும்.

தம்பி நாற்பது சிறு விவசாயிகளின் பச்சைத் தேயிலைக் கணக்கை எழுதுகிறவர். யார் எந்த நாளில் எத்தனை கிலோ போட்டார், முன்பணம் எவ்வளவு, உரத்துக்குப் பிடித்தம் எவ்வளவு என்று எல்லாம் எக்செல் தாளில் இருக்கிறது. பெட்டிக்குள் செலரான் என்4020 பிராசசர், 4 ஜிபி ரேம், 64 ஜிபி எம்.2 எஸ்எஸ்டி. திறந்து பார்த்தபோது 6 ஜிபிதான் காலியாக இருந்தது. ஏழு வருடக் கணக்கு எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று தேடிப் பார்த்தேன். முந்நூறு எம்பிகூட இல்லை.

மீதி இடம் எங்கே போயிற்று என்பது புரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. முதலில், 64 ஜிபி என்று அட்டையில் போட்டிருப்பது விண்டோஸ் கண்ணுக்கு 59.6-தான். தயாரிப்பவர்கள் ஒரு ஜிபியை நூறு கோடி பைட் என்று கணக்கிடுகிறார்கள்; விண்டோஸ் 107 கோடிக்குச் சற்று அதிகமான பைட்டை ஒரு ஜிபி என்கிறது. யாரும் ஏமாற்றவில்லை, படி வேறு, அவ்வளவுதான். அடுத்து, சிஸ்டம் தனக்காகச் சேர்த்து வைக்கும் பிரதிகள். பழைய அப்டேட்டுகளின் மிச்சம், திரும்பிப் போக வைத்திருக்கும் ரீஸ்டோர் பாயிண்டுகள், திறந்திருக்கும் வேலையை அணைக்கும்போது காப்பதற்காக ரேமின் அளவில் சுமார் 40 சதவீதம் ஒதுக்கிவைக்கும் ஹைபர்நேஷன் கோப்பு, அடுத்த அப்டேட்டுக்காகப் பிடித்துவைக்கும் சுமார் 7 ஜிபி. ஓடுகிற விண்டோஸைவிட அது வைத்திருக்கும் மூட்டை முடிச்சுதான் சின்ன எஸ்எஸ்டியை மூச்சுமுட்ட வைக்கிறது. ஆகவே நாம் செய்யப்போவதெல்லாம், அந்த எஸ்எஸ்டியில் சிஸ்டம் மட்டும் குடியிருக்கச் செய்வது, அதன் மூட்டைகளைக் குறைப்பது, நம் கணக்கு வழக்கை வேறு இடத்தில் வைப்பது.

இருக்கிற விண்டோஸ் 10 மேலேயே 11-ஐ ஏற்றலாமே என்று கேட்பீர்கள். 64 ஜிபியில் அதைச் செய்யாதீர்கள். அப்படி ஏற்றும்போது புதியதை இறக்கி விரிக்க ஏறக்குறைய 20 ஜிபி காலியிடம் வேண்டும். முடிந்த பிறகும் பழைய விண்டோஸ் அப்படியே ஒரு தனி ஃபோல்டரில் பத்து நாள் உட்கார்ந்திருக்கும். காலியிடத்தை இங்கே கொஞ்சம் அங்கே கொஞ்சம் துடைத்து எடுத்து, நடுவழியில் நின்றுபோய், பழையதற்குத் திரும்பி, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்த பெட்டிகளை நிறையப் பார்த்துவிட்டேன். துடைத்துவிட்டுப் புதிதாகப் போடுவதுதான் வேகம்.

பெட்டி தகுதியானதா என்று முதலில் பார்க்க வேண்டும். விண்டோஸ் 11-க்கு 4 ஜிபி ரேம், 64 ஜிபி சேமிப்பு, டிபிஎம் 2.0 (பாதுகாப்புச் சாவிகளை வைக்கும் சிப்), செக்யூர் பூட் வசதியுள்ள யுஇஎஃப்ஐ (கணினியைத் தொடக்கிவைக்கும் மென்பொருள்), மைக்ரோசாப்ட் பட்டியலில் உள்ள பிராசசர் எல்லாம் வேண்டும். இன்டெல் கோர் வரிசையில் பொதுவாக எட்டாம் தலைமுறையிலிருந்து பட்டியலில் இருக்கின்றன, என்4020-உம் இருக்கிறது. மைக்ரோசாப்டின் பிசி ஹெல்த் செக் என்ற சின்ன மென்பொருளை ஓடவிட்டால் அதுவே சொல்லிவிடும். டிபிஎம் இல்லை என்று சொன்னால் உடனே நம்ப வேண்டாம். பயாஸுக்குள் (கணினி தொடங்கும்போதே திறக்கும் அமைப்புப் பக்கம்) பிடிடி என்ற பெயரில் அது அணைத்து வைக்கப்பட்டிருக்கலாம். தம்பியின் பெட்டியிலும் அப்படித்தான் இருந்தது, இயக்கியதும் சரியாகிவிட்டது. தகுதியில்லாத பெட்டியில் குறுக்கு வழியில் 11 போடுகிறவர்கள் இருக்கிறார்கள். மற்றவர்களின் வரவுசெலவு இருக்கும் கணினியில் நான் அதைச் செய்வதில்லை. அப்படிப்பட்ட பெட்டிக்கு, விண்டோஸ் 10-க்கு 2026 அக்டோபர் 13 வரை கிடைக்கும் நீட்டிப்பு அப்டேட்டில் சேர்த்துவிடலாம், அல்லது லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம் போடலாம். லினக்ஸைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பெரிய எஸ்எஸ்டி மாற்ற முடிந்தால் அதுதான் நல்லது. 256 ஜிபி போட்டுவிட்டால் இந்தக் கட்டுரையில் பாதி தேவைப்படாது. ஆனால் தம்பியின் பெட்டியில் இருப்பது 2242 என்கிற குட்டை அளவு, அதுவும் சாட்டா வகை மட்டும் ஏற்கும் ஸ்லாட். என்விஎம்இ வகையை வாங்கிச் செருகினால் வேலை செய்யாது. மேட்டுப்பாளையத்தில் கேட்டேன், கோவையில் கேட்டேன், வரவழைக்க ஒரு வாரம் என்றார்கள். அந்த வாரம் அவர் நாற்பது பேருக்குப் பணம் பட்டுவாடா செய்ய வேண்டும். சில லேப்டாப்களில் சேமிப்பு சிப்பை போர்டிலேயே பற்றவைத்திருப்பார்கள், அதை மாற்றவே முடியாது. இருக்கிற இடத்தில் குடித்தனம் நடத்த வேண்டியவர்களுக்குத்தான் இது.

சரி, முதலில் நகல் எடுப்பது. இதில் அவசரப்படாதீர்கள். சில வருடங்களுக்கு முன் ஒருவருடைய கணினிக்கு நான் டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ், பிக்சர்ஸ் மூன்றையும் எடுத்துவிட்டு எஸ்எஸ்டியைத் துடைத்துவிட்டேன். அவருடைய பில் போடும் மென்பொருள் தன் தரவை சி டிரைவில் நேரடியாக ஒரு ஃபோல்டரில் வைத்திருந்தது. அதை நான் பார்க்கவில்லை. மூன்று மாதக் கணக்கு போயிற்று. கார்பன் தாள் பில்களை வாங்கிவந்து ஒன்பது இரவு உட்கார்ந்து நானே மறுபடி அடித்துக் கொடுத்தேன். அன்றிலிருந்து சி டிரைவைத் திறந்ததும் விண்டோஸ், புரோகிராம் ஃபைல்ஸ், யூசர்ஸ் தவிர வேறு என்ன ஃபோல்டர் இருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொள்கிறேன். யூசர்ஸ் ஃபோல்டரை முழுதாகவே எடுத்துவிடுகிறேன்.

எங்களூர்ப் பக்கம் இன்னொரு பொருளும் விட்டுப்போகும்: எழுத்துரு. தம்பியின் பழைய பதிவேடுகளின் தலைப்பெல்லாம் பாமினியில் அடித்தவை. சில பேரிடம் வானவில் எழுத்துருவில் அடித்த மனுக்கள் இருக்கும். தமிழ்நாடு அரசு 2010-இல் யூனிகோடுக்கு மாறியது, ஆனால் வீட்டிலும் கடையிலும் பழைய கோப்புகள் அப்படியேதான் இருக்கின்றன. புது விண்டோஸில் அந்த எழுத்துரு இல்லாவிட்டால் 'பெயர்' என்ற இடத்தில் ஆங்கில எழுத்தும் குறிகளும் கலந்து நிற்கும். கோப்பு கெட்டுவிட்டது என்று பயந்துவிடுவார்கள். ஆகவே விண்டோஸ் ஃபோல்டருக்குள் ஃபான்ட்ஸ் என்பதைத் திறந்து அந்த எழுத்துருக் கோப்புகளையும் நகலெடுங்கள்.

எடுத்த நகலை இரண்டு இடத்தில் வையுங்கள். ஒன்று பென்டிரைவ், இன்னொன்று வெளி ஹார்டுடிஸ்க் அல்லது கூகுள் டிரைவ். பிறகு வேறொரு கணினியில் செருகி, நாலைந்து கோப்புகளைத் திறந்து பாருங்கள். நகலாகிவிட்டது என்று திரையில் வருவதும் கோப்பு திறப்பதும் வேறு வேறு. பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகள், பிரிண்டர் மாடல் பெயர், வைஃபை டிரைவர் இவற்றையும் மறக்காதீர்கள். கடைசியாக, செட்டிங்ஸில் ஆக்டிவேஷன் பக்கத்தைப் பாருங்கள். டிஜிட்டல் லைசென்ஸில் ஆக்டிவேட் ஆகியிருக்கிறது என்றும் ஹோமா, புரோவா என்றும் குறித்துக்கொள்ளுங்கள். அதே பதிப்பைப் போட்டால் இணையம் கிடைத்ததும் தானாக ஆக்டிவேட் ஆகிவிடும், சாவி எண் கேட்காது.

அடுத்து விண்டோஸ் 11-ஐ இறக்குவது. கோப்பு 5 ஜிபிக்கு மேல். மழைக்காலத்தில் எங்கள் மலையில் சிக்னல் வரும், போகும், மரம் விழுந்தால் இரண்டு நாள் கரண்டும் இருக்காது. மைக்ரோசாப்டின் மீடியா கிரியேஷன் டூல் தானே இறக்கி பென்டிரைவில் எழுதிக்கொடுக்கும், நல்ல இணைப்பு இருந்தால் அதுவே போதும். விட்டு விட்டு வரும் இணைப்பென்றால் ஐஎஸ்ஓ கோப்பாக (முழு விண்டோஸும் அடங்கிய ஒரே கோப்பு) இறக்குங்கள்; அறுந்தாலும் பிரவுசரிலேயே தொடரலாம். மைக்ரோசாப்ட் தரும் அந்த இணைப்பு 24 மணி நேரம்தான் செல்லும், அதற்குள் முடித்துவிட வேண்டும். நான் கோவைக்குப் போகிற அன்று இறக்கிக்கொண்டு வந்துவிடுவேன்.

அறுந்து அறுந்து இறங்கிய கோப்பை அப்படியே நம்பக்கூடாது. இறக்கிய பக்கத்திலேயே எஸ்எச்ஏ256 என்று ஒரு நீண்ட எண் கொடுத்திருப்பார்கள். விண்டோஸில் கட்டளை அடிக்கும் ஜன்னலான கமாண்ட் பிராம்ப்டில் நாமும் அந்த எண்ணைக் கணக்கிட்டு ஒப்பிடலாம். கட்டளைகளை நான் போனில் சொல்வதுபோலச் சொல்கிறேன், நீங்கள் ஆங்கில எழுத்தில் சின்ன எழுத்தாக அடியுங்கள். செர்ட்யூட்டில் (சி, இ, ஆர், டி, யு, டி, ஐ, எல்), ஓர் இடைவெளி, சிறுகோடு, அதை ஒட்டி ஹாஷ்ஃபைல், இடைவெளி, கோப்பின் பெயர், இடைவெளி, எஸ்எச்ஏ256. வருகிற எண்ணின் முதல் ஆறு எழுத்தும் கடைசி ஆறு எழுத்தும் ஒத்திருந்தால் நான் திருப்தியடைந்துவிடுவேன். ஒத்துவரவில்லை என்றால் மறுபடி இறக்குங்கள். பாதிக் கோப்பில் இன்ஸ்டால் செய்து, எழுபது சதவீதத்தில் நின்று, எஸ்எஸ்டி பழுது என்று முடிவுகட்டியவர்கள் உண்டு.

பென்டிரைவ் குறைந்தது 8 ஜிபி. அதில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும். ஐஎஸ்ஓவை வெறுமனே காப்பி செய்து போட்டால் பெரும்பாலும் ஓடாது. உள்ளே இருக்கும் முக்கியமான கோப்பு ஒன்று 4 ஜிபிக்கு மேல், பென்டிரைவ்களில் வழக்கமான ஃபேட்32 முறையில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்டக்கூடாது. ரூஃபஸ் என்ற இலவச மென்பொருள் இந்தச் சிக்கலைத் தானே சமாளிக்கும். ஜிபிடி (டிஸ்க்கைப் பிரிக்கும் புதிய முறை), யுஇஎஃப்ஐ இரண்டையும் தேர்ந்து எழுதச் சொல்லுங்கள்.

போடுவதற்கு முன் கரண்ட். மினி பிசிக்குள் பேட்டரி கிடையாது. பாதியில் கரண்ட் போனால் மறுபடி முதலிலிருந்துதான். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை என்றைக்கு என்று பார்த்து, அதற்கு மறுநாள் காலையில் வையுங்கள். யூபிஎஸ் இருந்தால் மினி பிசி, மானிட்டர் இரண்டை மட்டும் அதில் செருகுங்கள், பிரிண்டர் வேண்டாம். லேசர் பிரிண்டர் சூடாகும்போது இழுக்கும் இழுவையில் சின்ன யூபிஎஸ் படுத்துவிடும். மார்கழி, தை மாதத்தில் பெட்டியைத் திறந்து ஏதாவது மாற்றுவதாக இருந்தால் ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டு, ஓர் இரும்பைத் தொட்டுவிட்டுத் திறங்கள். காய்ந்த குளிரில் கம்பளியிலிருந்து வரும் நிலைமின்சாரம் சிப்புக்கு ஆகாது. மழையில் நனைந்த சாக்கில் வந்த பெட்டியை உடனே ஆன் செய்யவும் வேண்டாம். தம்பியின் பெட்டியை ஒரு மணி நேரம் மேசைமேல் விட்டு, குளிர் தணிந்து ஈரம் உலர்ந்த பிறகுதான் தொட்டேன்.

இனி இன்ஸ்டால். கணினியில் வேறு ஹார்டுடிஸ்க் இருந்தால் அதன் கேபிளைப் பிடுங்கிவிடுங்கள், நகல் எடுத்த டிரைவையும் கழற்றிவிடுங்கள். திரையில் டிஸ்க் 0, டிஸ்க் 1 என்றுதான் காட்டும். எது யாருடையது என்று அந்த நேரத்தில் குழம்பக்கூடாது. பென்டிரைவிலிருந்து தொடங்கி, எங்கே போடுவது என்று கேட்கும் இடம் வந்ததும், அந்த எஸ்எஸ்டியில் இருக்கும் எல்லாப் பார்ட்டிஷன்களையும் (பிரிவுகளையும்) ஒவ்வொன்றாக அழியுங்கள். ஒதுக்கப்படாத இடம் என்று ஒரே வரி மிஞ்ச வேண்டும். அதைத் தேர்ந்து நெக்ஸ்ட் கொடுங்கள். சி, டி என்று நீங்களாகப் பிரிக்க வேண்டாம். 59.6 ஜிபியில் இரண்டு அறை கட்டினால் இரண்டிலும் ஆள் நிற்க முடியாது.

ரெகவரி பார்ட்டிஷனை (விண்டோஸ் பழுதானால் சரிசெய்ய வைத்திருக்கும் பிரிவு) மட்டும் விட்டுவைக்கலாமா என்று கேட்பார்கள். அதையும் அழியுங்கள். பழைய விண்டோஸ் 10 செய்த ரெகவரி பார்ட்டிஷன் பலவற்றில் மிகச் சின்னது. 2024 ஜனவரியில் வந்த ஓர் அப்டேட்டுக்கு அதற்குள் 250 எம்பி காலியிடம் தேவைப்பட்டது. இல்லாத கணினிகளில் அது திரும்பத் திரும்ப முயன்று தோற்றுக்கொண்டே இருந்தது. காலியாக விட்டால் 11 தனக்கு வேண்டிய அளவில் எல்லாவற்றையும் புதிதாகச் செய்துகொள்ளும். பழைய எம்பிஆர் முறையில் இருந்த டிஸ்க்கும் அப்போதே ஜிபிடி ஆகிவிடும்.

ஹோம் பதிப்பு இணையமும் மைக்ரோசாப்ட் கணக்கும் கேட்கும். வைஃபை தெரியவில்லை என்றால் போனை யூஎஸ்பியில் இணைத்து டெதரிங் (போனின் இணையத்தைக் கணினிக்குப் பகிர்வது) போடுங்கள்; பெரும்பாலும் டிரைவர் இல்லாமலே பிடித்துக்கொள்ளும். ஒரு முக்கியமான விஷயம்: விண்டோஸ் 11-இன் 24எச்2 (2024-இல் வந்த பதிப்பு) முதல், மைக்ரோசாப்ட் கணக்கோடு புதிதாகப் போடும்போது பல கணினிகளில் டிஸ்க் என்கிரிப்ஷன் (சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டுவது) தானாக இயங்கிவிடுகிறது. பிறகு பயாஸில் எதையாவது மாற்றினால் 48 இலக்க ரெகவரி கீயைக் கேட்கும். அது அந்தக் கணக்கில்தான் இருக்கும். கடைக்காரரின் மின்னஞ்சலில் கணக்கைத் திறந்து கொடுத்தால், சாவி கடைக்காரரிடம் இருக்கிறது என்று பொருள். அவரவர் கணக்கிலேயே போடச் சொல்லுங்கள். கீயை ஒரு தாளில் எழுதி பட்டா, ரேஷன் கார்டு இருக்கும் பையில் வைக்கச் சொன்னேன்.

தமிழுக்குத் தனி மென்பொருள் தேவையில்லை. மொழிப் பட்டியலில் தமிழைச் சேர்க்கும்போது, மொழித் தொகுப்பு, பேச்சு, கையெழுத்து என்று வரும் டிக்குகளை எடுத்துவிட்டு, கீபோர்டை மட்டும் சேர்த்து தமிழ்99 தேர்ந்துகொள்ளுங்கள். மெனு எல்லாம் தமிழில் வேண்டும் என்பவர் தொகுப்பையும் வைத்துக்கொள்ளலாம், அது அவர் விருப்பம்.

இப்போது இடத்தைக் குறைக்கும் வேலை. முதலில் விண்டோஸ் அப்டேட்டைத் திறந்து, இனி ஒன்றும் இல்லை என்று சொல்லும்வரை எல்லாவற்றையும் போட்டு முடியுங்கள். தம்பியின் பெட்டியில் அது முடிந்தபோது 31 ஜிபி பிடித்திருந்தது. மனம் தளர வேண்டாம், மிச்சம் பிடிக்க இனிமேல்தான் இருக்கிறது. செட்டிங்ஸில் சிஸ்டம், ஸ்டோரேஜ், டெம்பரரி ஃபைல்ஸ் பக்கத்துக்குப் போய் விண்டோஸ் அப்டேட் கிளீனப், டெலிவரி ஆப்டிமைசேஷன் இவற்றை டிக் செய்து அழியுங்கள். டவுன்லோட்ஸ் என்ற டிக்கை மட்டும் விட்டுவிடுங்கள், அது உங்கள் கோப்பு. இதில் மூன்றரை ஜிபி வந்தது. வேண்டாத விளையாட்டு, செயலி எல்லாவற்றையும் நீக்கினேன்.

அடுத்து ஹைபர்நேஷன். கமாண்ட் பிராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து அடியுங்கள்: பவர், அதை ஒட்டி சி, எஃப், ஜி, இடைவெளி, ஸ்லாஷ், அதை ஒட்டி எச், இடைவெளி, ஆஃப். அவ்வளவுதான், 4 ஜிபி ரேம் பெட்டியில் சுமார் 1.6 ஜிபி, 8 ஜிபி ரேம் என்றால் 3.2 ஜிபி திரும்பி வரும். ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் என்ற வசதியும் இதோடு போய்விடும். எஸ்எஸ்டியில் திறக்க சில விநாடி கூடுதல் ஆகும், அவ்வளவுதான். லேப்டாப்பில் மட்டும் யோசித்துச் செய்யுங்கள். மூடி வைத்துவிட்டு நாள் கணக்கில் மறந்துபோகிறவர் என்றால், பேட்டரி தீரும்போது திறந்திருந்த வேலையைக் காப்பாற்றுவது அந்தக் கோப்புதான்.

பிறகு காம்பாக்ட் ஓஎஸ். விண்டோஸின் சொந்தக் கோப்புகளை மட்டும் சுருக்கி வைக்கும் வசதி இது, விண்டோஸ் 10-இலிருந்தே இருக்கிறது. காம்பாக்ட், இடைவெளி, ஸ்லாஷ், அதை ஒட்டி காம்பாக்ட்ஓஎஸ் என்று ஒரே சொல்லாக, முக்காற்புள்ளி (:), ஒட்டினாற்போல ஆல்வேஸ். கால் மணி நேரத்துக்கு மேல் ஓடும், நடுவில் நிறுத்தாதீர்கள். ஆல்வேஸ் இருந்த இடத்தில் க்வெரி என்று அடித்தால் சுருங்கியிருக்கிறதா என்று சொல்லும். எங்களுக்கு மூன்று ஜிபிக்குச் சற்று அதிகம் கிடைத்தது. அந்த பிராசசரில் வேகம் குறைந்ததாக எனக்குத் தெரியவில்லை. தினமும் பயன்படுத்தும் தம்பியையும் கேட்டேன், அவருக்கும் தெரியவில்லை. அப்டேட்டைத் துடைப்பதற்கு முன் இதைச் செய்யாதீர்கள், தூக்கிப் போடப்போகிற குப்பையையும் சேர்த்து மடித்து வைத்த மாதிரி ஆகும். சி டிரைவின் பிராப்பர்ட்டீஸில் டிரைவ் முழுவதையும் சுருக்கும் டிக் ஒன்று இருக்கிறதே, அது வேறு. அதைத் தொடாதீர்கள்.

சிஸ்டம் ரீஸ்டோரை முழுக்க அணைக்காமல் 2 அல்லது 3 சதவீதத்துக்குக் குறைத்துவிட்டேன். டிரைவர் சரியில்லாத அன்று ஒரே ஒரு பழைய புள்ளி இருந்தாலும் உதவும். ரேம் பத்தாதபோது எஸ்எஸ்டியில் இடம் எடுத்துக்கொள்ளும் பேஜ் ஃபைலை அணைக்கச் சொல்லி யாராவது சொன்னால் கேட்காதீர்கள். 4 ஜிபி ரேமில் அது இல்லாவிட்டால் பிரவுசரில் நாலு பக்கம் திறந்ததும் எக்செல் மூடிக்கொள்ளும், சேமிக்காத கணக்கோடு. அப்டேட்டுக்காகப் பிடித்துவைத்திருக்கும் 7 ஜிபியையும் நான் விடுவிப்பதில்லை. கட்டளை இருக்கிறது, செய்யலாம். ஆனால் அந்த இடத்தை நாம் நிரப்பிவிட்டால் ஆறு மாதத்தில் பாதுகாப்பு அப்டேட் நின்றுபோகும். எதற்காக 11-க்கு வந்தோமோ அதுவே இல்லாமல் போகும்.

கணக்குத் தாள்களுக்கு லிப்ரேஆபீஸ் போட்டேன், எக்செல் கோப்புகளைத் திறந்து எழுதும், இடமும் குறைவு. அவருடைய வாய்ப்பாடுகள் எல்லாம் சரியாக வருகின்றனவா என்று ஒரு மாதப் பட்டுவாடாவைப் பழைய அச்சுத்தாளோடு வரிக்கு வரி ஒப்பிட்டுப் பார்த்தோம். எல்லாம் முடிந்தபோது 30 ஜிபிக்கு மேல் காலியாக இருந்தது. ஆறு ஜிபியில் முக்கிக்கொண்டிருந்த அதே பெட்டி.

கணக்கை எங்கே வைப்பது? தம்பியின் பெட்டிக்குள் 2.5 அங்குல டிஸ்க்குக்கு ஓர் இடம் காலியாக இருந்தது. என்னிடம் இருந்த பழைய 320 ஜிபி ஹார்டுடிஸ்க்கைச் சோதித்து, அதில் செருகிக் கொடுத்தேன். டாக்குமெண்ட்ஸ் ஃபோல்டரை வலது கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸ், லொகேஷன், மூவ் என்று போனால் அந்த டிஸ்க்குக்கு நகர்த்திவிடலாம். டவுன்லோட்ஸையும் அப்படியே, வாட்ஸ்அப்பில் வரும் கல்யாணப் பத்திரிகை வீடியோ எல்லாம் அங்கேதான் சேரும். பென்டிரைவுக்கோ எஸ்டி கார்டுக்கோ நகர்த்துவதாக இருந்தால், டிஸ்க் மேனேஜ்மெண்டில் அதற்கு ஒரு நிலையான எழுத்தைக் கொடுத்துவிடுங்கள், கழற்றவும் கூடாது. அடிக்கடி கழற்றுவதாக இருந்தால் நகர்த்தாமல் வாரம் ஒருமுறை காப்பி செய்துகொள்வதே மேல். ஒன்டிரைவ் வைத்திருப்பவர்கள் ஃபைல்ஸ் ஆன் டிமாண்டை இயக்கி வைத்தால் கோப்பின் பெயர் மட்டும் இங்கே இருக்கும். ஆனால் சிக்னல் இல்லாத நாளில் அந்தக் கோப்பும் இருக்காது. எங்கள் மலைக்கு இது ஒத்துவராது. 2009 நவம்பர் மழையில் மண் சரிந்து ரோடெல்லாம் அடைபட்டதைப் பார்த்தவள் நான். அவசரத்துக்கு வேண்டியது கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

எஸ்எஸ்டியை ஒருபோதும் முழுக்க நிரப்பாதீர்கள். உள்ளே எழுதும் வேலை எல்லாச் செல்லுக்கும் சமமாகப் பரவ, காலியான பகுதி அதற்குத் தேவை. இடம் நெருக்கினால் எழுதும் வேகம் குறையும், தேய்மானம் கூடும். பத்திலிருந்து பதினைந்து சதவீதம், அதாவது 64-இல் ஆறிலிருந்து ஒன்பது ஜிபி எப்போதும் காலியாக இருக்கட்டும். டிஃப்ராக் என்ற பழைய வழக்கம் இதற்கு வேண்டாம். ஆப்டிமைஸ் டிரைவ்ஸ் என்று தேடித் திறந்து, வகை எஸ்எஸ்டி என்று காட்டுகிறதா, வாரம் ஒருமுறை என்று இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அழித்த இடத்தை எஸ்எஸ்டிக்குத் தெரிவிக்கும் டிரிம் வேலையை அதுவே செய்துவிடும்.

இனி 32 ஜிபிக்காரர்கள். உங்களுக்கு விண்டோஸ் 11 கிடையாது. எப்படியாவது நுழைத்துவிட்டாலும் முதல் பெரிய அப்டேட்டில் நின்றுவிடும். லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பைப் போடுங்கள். 20 ஜிபி இருந்தாலே ஏற்கும். புதிதாகப் போட்டபோது பத்துப் பன்னிரண்டு ஜிபிதான் பிடிக்கிறது. மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை அப்டேட் உண்டு. அரசுப் பள்ளியில் கொடுத்த விலையில்லா மடிக்கணினி வைத்திருக்கும் பிள்ளைகள் சிலருக்கு இதைத்தான் போட்டுக் கொடுத்திருக்கிறேன், தமிழ்99-உம் அதில் நன்றாக ஓடுகிறது. இங்கேயும் மூட்டைகள் சேரும். டைம்ஷிஃப்ட் (மின்ட்டின் ரீஸ்டோர் வசதி) எடுக்கும் நகலை அதே டிரைவில் வைக்காமல் வெளி டிஸ்க்குக்குத் திருப்புங்கள், அப்டேட் மேனேஜரில் பழைய கெர்னல்களை (லினக்ஸின் மையப் பகுதி) தானாக நீக்கும் தேர்வை இயக்குங்கள், அதிக இடம் பிடிக்கும் ஃப்ளாட்பேக் வகைச் செயலிகளைக் குறைத்துக்கொள்ளுங்கள். ஆனால் போடுவதற்கு முன் ஒரு கேள்வி: டாலி, டிஜிட்டல் கையொப்ப டோக்கன், கைரேகைக் கருவி, பழைய ஸ்கேனர் இவற்றில் ஏதாவது அந்தக் கணினியில் வேண்டுமா? வேண்டுமென்றால், மின்ட்டை பென்டிரைவிலிருந்தே ஓட்டி அது வேலை செய்கிறதா என்று பார்த்த பிறகு எஸ்எஸ்டியைத் தொடுங்கள்.

தம்பிக்குக் கடைசியாக ஒரு 32 ஜிபி பென்டிரைவை வாங்கச் சொன்னேன். விண்டோஸ் 11-க்கு வருடத்துக்கு ஒரு பெரிய அப்டேட் வரும். அதற்கு உள்ளே இடம் பத்தாவிட்டால், குறைந்தது 10 ஜிபி காலியுள்ள வெளி டிரைவ் ஒன்றைச் செருகச் சொல்லிக் கேட்கும். அதைத் தேர்ந்தால் போதும், கோப்புகளை அழித்துத் தவிக்க வேண்டாம். அப்டேட் முடியும்வரை அதைக் கழற்றக்கூடாது. முடிந்த பிறகும் பழையதற்குத் திரும்ப வேண்டி வரலாம் என்பதால் சில நாள் அப்படியே வைத்திருக்க வேண்டும். அந்த பென்டிரைவில் 'அப்டேட்டுக்கு மட்டும்' என்று மார்க்கரில் எழுதி, மினி பிசியின் பக்கவாட்டில் டேப்பால் ஒட்டிக் கொடுத்தேன். மழை கொஞ்சம் விட்டிருந்தது. அதே உரச்சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு மதிய பஸ்ஸுக்குக் கிளம்பினார்.